மணியடிக்கும் முன் எடுத்தவர்

“வாரா வாரம் கூப்பிட்டேன்!”

“ஒரு தடவகூட மணி அடிக்கல—”

“ஞாயித்துக்கிழம தவறினதே இல்ல ரூபினி! வேல முடிஞ்சி பஸ்ல ஏறினதும் மொத வேல எனக்கு—”

“கிறிஸ்மஸ் அன்னிக்குக்கூட அடிக்கல. மனுஷன் பூசைக்கும் போவாம அந்தப் போன் பக்கத்துலயே உக்காந்து—”

“என்கிட்ட பேசினாரு! கிறிஸ்மஸ் அன்னிக்கும் பேசினாரு, வெள்ளத்தன்னிக்கும் பேசினாரு! ‘ரூபினி பாத்துக்குது’ன்னு அவரு வாயாலயே சொன்னாரு. நீ இங்க இருந்துட்டு, தண்ணி ஏறவும் விட்டுட்டு ஓடிட்ட—”

“அந்த நேரத்துல நான் இந்த வீட்டுலயே இல்லண்ணே, எத்தன தடவ சொல்றது—”

“அக்கா,” என்றான் வாசலில் நின்றிருந்த செல்லப்பன், “ரெண்டு பேரையும் கேட்டா ஒட்டுக்கடையில ரெண்டு ரேடியோ ஒண்ணா பாடுற மாதிரி இருக்கு. ஒண்ண அடைச்சாத்தான் இன்னொண்ணு புரியும்.”

புஷ்பவள்ளி கையை உயர்த்தினாள். இரண்டு ரேடியோக்களும் அடங்கின.

கோத்தா திங்கியில் ஆற்றை ஒட்டிய தாமான் குடியிருப்பு அது. வெள்ளம் வடிந்துவிட்டது, சேறு வடியவில்லை. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு வீடு முழுவதும் ஓடியது. அந்தக் கோட்டுக்கு மேலே, சாப்பாட்டு மேசையின் மீது உட்கார்ந்த நிலையில்தான் மரியநாதனை மீட்புப் படகுக்காரர்கள் கண்டெடுத்தார்கள். மூழ்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றது ஆஸ்பத்திரி. மனைவி இறந்த பிறகு தனியாகவே இருந்தவர், தனியாகவே போய்விட்டார்.

அவருடைய ஒரே மகன் பிரையன். சிங்கப்பூரில் வேலை, அங்கேயே ஓர் அறை. முதியவர்களை வீட்டுக்கு வந்து கவனித்துக்கொள்ளும் ரூபினிதான் அப்பாவைக் கைவிட்டுவிட்டாள் என்று போலிசில் புகார் கொடுத்திருந்தான். அதற்கு ஆதாரம் தேடித்தான் ஸ்கூடாயிலிருந்து துப்பறியும் புஷ்பவள்ளியை அழைத்திருந்தான். அவளுக்குக் கார் ஓட்டும் செல்லப்பனும் கூட வந்திருந்தான். மறுநாள் காலை ரூபினி பாலாய் எனும் போலிஸ் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதற்குள்ளாகவே அவளுடைய ஏஜென்சி எல்லா வீடுகளிலிருந்தும் அவளை நிறுத்திவிட்டது. சந்தையில் தெரிந்த முகங்கள் அவளைப் பார்த்ததும் மீன் விலை கேட்கத் திரும்பிக்கொண்டன.

“மொதல்ல நீங்க, தம்பி,” என்றாள் புஷ்பவள்ளி. “வெள்ளத்தன்னிக்கு அப்பா என்ன பேசினாரு? கத வேணாம். வார்த்த வார்த்தையா சொல்லுங்க.”

பிரையன் கண்ணை மூடி யோசித்தான். “‘ஹலோ, பிரையனா’ன்னாரு. ‘எப்படிப்பா இருக்கீங்க, தண்ணி ஏறுதாமே’ன்னேன். ‘நல்லா இருக்கேன்யா’ன்னாரு. ‘சாப்டீங்களா?’ ‘பசியாறிட்டேன்.’ ‘தனியாவா இருக்கீங்க?’ ‘ரூபினி பாத்துக்குது, நல்ல புள்ள.’ அப்புறம், ‘நீ வேலைய பாரு, ஒடம்ப பாத்துக்க’ன்னாரு. சரிப்பான்னு வச்சிட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“எப்பவும் அவ்வளவுதான்க்கா.”

“தண்ணி வாசலுக்கு வந்துருச்சி. அதப் பத்தி ஒரு வார்த்தகூட சொல்லலையா?”

“அவரு அப்படித்தான். எதையும் சொல்ல மாட்டாரு.”

“எந்த போன்ல பேசினீங்க?”

“வீட்டு போன்தான். கைப்பேசி வேணாம்னுட்டாரு. அதுவும் நல்லதாத்தான் போச்சி. முன்ன ஒரு தடவ அந்தப் பெரிய வெள்ளம் வந்தப்போ தாமான் முழுக்க லைட் இல்ல, கைப்பேசி டவர் எல்லாம் படுத்துருச்சி. இந்த ஒரு போன்தான் அடிச்சிச்சி. தெருவே வந்து எங்க வீட்டுல பேசிட்டுப் போச்சி.” அந்த ஞாபகத்தில் அவன் குரல் சற்று நிமிர்ந்தது. “அப்பா போன் பக்கத்துலயே உக்காந்திருப்பாருக்கா. மணி அடிக்கிறதுக்குள்ள எடுத்துருவாரு. எனக்கு ரிங் போற சத்தமே கேக்காது.”

செல்லப்பன் மெல்லச் சீட்டியடித்தான். “என் பொண்டாட்டி பக்கத்துல நின்னு கூப்பிட்டாலே மூணாவது தடவதான் நான் திரும்புவேன். மணி அடிக்குமுன்ன எடுக்குற மனுஷனா? அலமாக்!”

“அங்கிளுக்கு முட்டி தேஞ்சி போச்சி,” என்றாள் ரூபினி. “நாற்காலியிலேருந்து எழுந்திரிக்கவே நான் கை குடுக்கணும். அவரு எங்க மணி அடிக்குமுன்ன எடுக்குறது?”

“இப்ப நீ சொல்லுமா.”

“காலையிலயே கரண்ட்ட நிப்பாட்டிட்டாங்கக்கா. தண்ணி ஏறுதுன்னா மொதல்ல அதத்தான் செய்வாங்க. நான் வந்தேன். ‘வாங்க அங்கிள், ஸ்கூலுக்குப் போயிருவோம், எல்லாரும் அங்கதான் இருக்காங்க’ன்னு கெஞ்சினேன். வரமாட்டேன்னுட்டாரு. ‘பிரையன் போன் பண்ணுவான். நான் எடுக்கலன்னா பதறிப் போயிருவான்’னாரு. இன்னும் ரெண்டு வீட்டுல பாட்டிங்க படுத்த படுக்கையா இருந்தாங்க. அவங்கள படகுல ஏத்திட்டு, இவர வந்து தூக்கச் சொல்லி படகுக்காரங்ககிட்ட சொன்னேன். திரும்பி வர்றதுக்குள்ள ஆத்து வேகம் கூடிப்போச்சி. என்ன உள்ள விடல...”

“நடிக்கிறா,” என்றான் பிரையன். ஆனால் சற்றுமுன் இருந்த வேகம் அதில் இல்லை.

புஷ்பவள்ளி மாதா சுரூபம் வைத்த பலகையைப் பார்த்தாள். பழுப்புக் கோட்டுக்கு மிக உயரத்தில், சுரூபத்தின் காலடியில் தொலைபேசி இருந்தது. தண்ணீர் படாமல் இருக்க மரியநாதன்தான் அதைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். முட்டி தேய்ந்த மனிதர், தன்னை மேசை மேல் ஏற்றிக்கொள்வதற்கு முன் போனை ஏற்றியிருக்கிறார்.

“செல்லப்பா, அந்த ஒயர் எங்க போவுதுன்னு பாரு.”

“வேற எங்கக்கா, சுவத்துலதான்—” அவன் குனிந்து தேடினான். “இல்ல. சுவத்துல இருக்குற பழைய ஓட்டையில பெயின்ட் அடிச்சி மூடியிருக்கு. ஒயர் வெள்ளையா ஒரு பொட்டிக்குள்ள போவுது. பொட்டி சேத்துக்குள்ள. அதுமேல ஒரு துண்டு வேற.”

“துண்டு அங்கிள் போட்டது,” என்றாள் ரூபினி. “அந்தப் பொட்டியில அடிக்கடி செவப்பு லைட் எரியும். படுத்தா கண்ண உறுத்துதுன்னு மூடி வச்சிடுவாரு.”

புஷ்பவள்ளி அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு பிரையனிடம் திரும்பினாள். “உங்க போன குடுங்க.”

அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். வெள்ளத்தன்று நடுப்பகல். அப்பா எண். அழைப்பு எடுக்கப்பட்டிருந்தது, பேசிய நேரமும் பதிவாகியிருந்தது. அதற்கு முன்னே போகப் போக ஞாயிற்றுக்கிழமைகள். எல்லாமே எடுக்கப்பட்டவை. எதுவும் நீண்ட பேச்சில்லை.

“நான் பொய் சொல்லலக்கா,” என்றான் பிரையன்.

“பாத்தேன்,” என்றாள் அவள். “ரெண்டு பேரும் இங்கயே இருங்க. சண்ட போடாதீங்க. அந்த ஒயர் பின்னால கொஞ்ச தூரம் போயிட்டு வர்றோம்.”

வெளியே வெயில். நனைந்த மெத்தைகளும் அலமாரிகளும் தெருவோரம் குவிந்திருந்தன. மெல்லிய கறுப்புக் கம்பி ஒன்று மரியநாதன் வீட்டுக் கூரையிலிருந்து கிளம்பி, கம்பத்துக்குக் கம்பம் தாவிப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் தலையை நிமிர்த்தியபடி அதன் பின்னால் நடந்தார்கள்.

“ஏங்க்கா, ஊரே கீழ பாத்து சேறு வாருது. நாம மேல பாத்து நடக்குறோம். பாக்குறவங்க நம்ம ரெண்டு பேரையும் கல்யாணத்துக்கு நாள் பாக்குற ஜோசியர்னு நெனப்பாங்க.”

“காலுக்குக் கீழ பாத்து நட. சாக்கடையில விழுந்தா நான் தூக்க மாட்டேன்.”

“தூக்க வேணாம். போன் போட்டாப் போதும், என் வீட்டுக்காரி வந்து தூக்கிருவா. உங்களுக்கு யாருக்கா போன் போடுவாங்க?”

“நீ போடுறியே.”

“நான் கார் ரெடின்னு சொல்லத்தானே போடுவேன்.”

“அதத்தான் சொல்றேன்.”

செல்லப்பன் தலையை மறுபடி கம்பிக்கு நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

தெருமுனையில் இரும்புப் பெட்டி ஒன்று கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை, கம்பிகள் இருந்த இடத்தில் ஒரு பல்லி. பக்கத்துக் கம்பத்தில் ஏணி சாத்தி, பச்சைச் சட்டை போட்ட ஒருவன் கறுப்புக் கம்பியைச் சோதித்துக்கொண்டிருந்தான். குத்தகைக்கு லைன் இழுக்கும் தீபன். தாமானில் பாதி வீடுகளுக்கு அவன்தான் இணைப்புக் கொடுத்தவன்.

“மரியநாதன் அங்கிள் வீடா? நான்தான்க்கா மாத்திக் குடுத்தேன், கிறிஸ்மஸுக்கு முந்தி, மழ தொடங்குறப்போ. பழைய செம்புக் கம்பி எல்லாத்தையும் உருவிட்டாங்க. இப்ப எல்லாம் பைபர், கண்ணாடி இழ.”

“எது நல்லது தீபன்? பழசா, புதுசா?”

அவன் ஏணியிலிருந்து இறங்கினான். “எதக் கேக்குறீங்கன்றதப் பொறுத்து இருக்கு. வேகம்னா இதுதான்க்கா. பழசு மாட்டு வண்டி. ஆனா பழசுல பேச்சு மட்டும் வராது, எக்ஸ்சேஞ்ச்லேருந்து கரண்டும் சேந்து வரும். அங்க அறை நெறைய பேட்டரி வச்சிருப்பாங்க. ஊரே இருட்டா இருந்தாலும் உங்க வீட்டுல போன் அடிக்கும். பைபர்ல வெளிச்சம் மட்டும்தான் வரும். பொட்டிக்குக் கரண்ட் நம்ம வீட்டுலதான் எடுக்கணும். லைட் போச்சா, பொட்டி போச்சி. பொட்டி போச்சா, போனும் போச்சி.”

செல்லப்பன் கைதட்டினான். “முடிஞ்சிச்சிக்கா! காலையிலயே கரண்ட் இல்ல. நடுப்பகல்ல போன் பொணம். நம்ம சிங்கப்பூர் தம்பிக்கு மாத்தினது தெரியல. பழைய வெள்ளத்த நெனச்சிக்கிட்டு, போன் எப்படியும் வேல செய்யும்னு நம்பி ஒரு பொய் கட்டியிருக்கான். வாங்க, போயி சட்டைய புடிப்போம்.”

“கால் எடுத்ததா அவன் போன்ல இருக்கே.”

“அது... சரி, இருக்கு.” கையைக் கீழே போட்டான் செல்லப்பன். “நான் கைதட்டினத வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“பொணம் எப்படி போன எடுக்கும், தீபன்?”

“பொட்டி செத்துட்டா கால் மெயில்பாக்ஸுக்குப் போயிரும்க்கா. ரிங் போவாது, நேரா எடுத்துக்கும். அது எங்கயோ இருக்குற பெரிய மெஷின், வெள்ளம் அதத் தொடாது.”

“லைட் போனாத்தானா?”

தீபன் தயங்கினான். “இடி இடிச்சாலும் பொட்டி படுத்துக்கும். சில நேரம் சூடு ஏறினாலும். செவப்பு லைட் எரியும். ஆப் பண்ணி ஆன் பண்ணணும், அங்கிள்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். தலையாட்டினாரு. இவங்க எல்லாருமே தலையாட்டுவாங்கக்கா. பழைய போன யாரு ஆப் பண்ணியிருக்காங்க?”

“அப்ப போன் செத்துக் கெடக்குறது அவருக்குத் தெரியாது.”

“எடுத்துக் காதுல வச்சாத் தெரியும்.”

“அவரு யாரையும் கூப்பிட மாட்டாரு,” என்றாள் புஷ்பவள்ளி மெதுவாக. “கூப்பிடுவாங்கன்னு காத்திருக்கிறவரு.”

“ஆனா அக்கா,” என்று இடைமறித்தான் செல்லப்பன், “மெயில்பாக்ஸ்னா ஒரு பொம்பள மலாய்லயும் இங்கிலீஷ்லயும் பேசும், நாம பேசினா பதிவு பண்ணிக்கும்னு. சிங்கப்பூர் பாலத்து ஜாம்ல நின்னு நின்னு மூள கலங்கிப் போயிருந்தாலும், அந்தப் பொம்பளய எவன் அப்பான்னு நெனப்பான்?”

தீபன் சிரித்தான். “அங்கிளுக்கும் அந்தப் பொம்பளையப் புடிக்கல. ‘வேத்துப் பொம்பள எதுக்குய்யா என் வீட்டுப் போன எடுக்குறா, என் மகன் என்ன நெனப்பான்’னு கேட்டாரு. அவரையே பேசிப் பதிவு பண்ணச் சொல்லி எந்தப் பட்டன்னு காட்டினேன். என்ன வெளிய வாசல் அஞ்சடியில நிக்கச் சொல்லிட்டுக் கதவச் சாத்திக்கிட்டாரு. ரொம்ப நேரம். திரும்பத் திரும்பப் பேசி அழிச்சிக்கிட்டு இருந்தாரு.”

“என்ன பேசினாருன்னு கேட்டியா?”

“கேக்கலக்கா. வெளிய வந்தப்போ மொகம் மலர்ந்து இருந்துச்சி. பாலில்லாத தேத்தண்ணி, தே ஓ, கலக்கிக் குடுத்தாரு.”

புஷ்பவள்ளி திரும்பி நடந்தாள். வந்ததைவிட வேகமாக.

வீட்டில் பிரையனும் ரூபினியும் ஆளுக்கு ஒரு மூலையில் இருந்தார்கள். அவள் ஈரத் துணியால் மாதா பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அப்பாவின் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றான், உட்காரவில்லை.

“செல்லப்பா, அந்தப் பொட்டிய ஒயரோட புடுங்கிக் கையில வச்சுக்க. போனையும் எடு.”

சேறு சொட்டும் பெட்டி அவன் ஒரு கையில், தொலைபேசி மறு கையில். இரண்டிலிருந்தும் ஒயர் காற்றில் தொங்கியது.

“தம்பி, அப்பா நம்பருக்கு இப்ப போடுங்க. ஸ்பீக்கர்ல வைங்க.”

“என்னக்கா வெளையாடுறீங்க? அப்பாவ அடக்கம் பண்ணிட்டு வந்து—”

“போடுங்க.”

எண்ணை அழுத்தினான். மணி அடிக்கவில்லை. உடனேயே யாரோ எடுத்தார்கள்.

“ஹலோ... பிரையனா?”

ரூபினியின் கையிலிருந்த துணி விழுந்தது. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். செல்லப்பன் தன் கையிலிருந்த செத்த தொலைபேசியைப் பார்த்தான், பிரையனின் கைப்பேசியைப் பார்த்தான்.

சிறிது மௌனம். ஒருவர் கேள்வி கேட்டு முடிக்கும் அளவு.

“நல்லா இருக்கேன்யா.”

மறுபடி மௌனம்.

“பசியாறிட்டேன்.”

மௌனம்.

“ரூபினி பாத்துக்குது. நல்ல புள்ள.”

“இது...” என்றான் பிரையன். “அன்னிக்கு... இதே...”

“நான்தான் கேக்க வேண்டிய கேள்விய விட்டுட்டேன்,” என்றாள் புஷ்பவள்ளி. “வீட்டுக்குள்ள தண்ணி வரப்போவுது, மனுஷன் தண்ணியப் பத்தியே பேசல. மணி அடிக்குமுன்ன எடுக்குறாரு. நீங்க வாரா வாரம் கூப்பிட்டது நெசம், தம்பி. இங்க மணி அடிக்காததும் நெசம். நீங்களும் பொய் சொல்லல, ரூபினியும் பொய் சொல்லல. வேற யாரு அவரக் கூப்பிடுறாங்க? நீங்க ஒருத்தர்தானே. நீங்க என்ன கேப்பீங்கன்னு அவருக்கு மனப்பாடம். அதுக்கு எடம் விட்டுப் பதில் சொல்லி வச்சிருக்காரு. தான் வீட்டுல இல்லாதப்போ நீங்க கூப்பிட்டாலும் ஏமாந்து போவக்கூடாதுன்னு.”

அவள் பேசி முடிக்கும் முன்பே, “நீ வேலைய பாரு. ஒடம்ப பாத்துக்க,” என்றார் மரியநாதன்.

பழக்கத்தில் பிரையனின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு நகர்ந்தது. புஷ்பவள்ளி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வைக்காதீங்க. நீங்க எப்பவும் இந்த எடத்துலதான் வைக்கிறீங்க. அவரு இன்னும் வைக்கல.”

கைப்பேசியில் மூச்சுச் சத்தம் கேட்டது. பின்னால் எங்கோ ஒரு சேவல். தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்பைவிடத் தணிந்த குரலில், யாரோ பக்கத்தில் இருந்து கேட்டுவிடுவார்கள் என்பதுபோல அவர் பேசினார்.

“லீவு கெடச்சா வாய்யா. ஒரு ராத்திரி தங்கிட்டுப் போ. ஒன் ரூம தொடச்சி, ஃபேன் எல்லாம் கழுவி மாட்டி வச்சிருக்கேன்.”

பீப் என்றொரு சத்தம். பிறகு யாராவது பேச வேண்டும் என்று அந்த மெஷின் காத்திருந்தது. யாரும் பேசவில்லை. தெருவில் சேறு வாரும் மண்வெட்டிச் சத்தம் மட்டும் அதில் பதிவாகியிருக்கும். புஷ்பவள்ளிதான் பொத்தானை அழுத்தினாள்.

பிரையன் ரூபினி பக்கம் திரும்பினான்.

“நாளைக்கு நீ பாலாய்க்குப் போவ வேணாம்மா. நான் போறேன். நான் எழுதிக் குடுத்தத நானே தப்புன்னு சொல்லிடறேன். ஒன் ஏஜென்சிக்கும் நானே நேர்ல வந்து பேசறேன்.”

ரூபினி தலையசைத்தாள். “கிறிஸ்மஸ் அன்னிக்கு அங்கிள் அழுதாருண்ணே. நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சிட்டாரு. அத நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். உங்க மேல இருந்த கோவத்துல சொல்லாம விட்டுட்டேன்.”

“நான் கூப்பிட்டேன்மா.”

“இப்பத் தெரியுதுண்ணே.”

செல்லப்பன் பெட்டியைத் தரையில் வைத்தான். ஓசை வராமல் வைத்தான். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டான். அவன் முதுகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பிரையன் கைப்பேசித் திரையை விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தான். வெள்ள நாள், அதற்கு முந்தைய ஞாயிறு, அதற்கும் முந்தையது, கிறிஸ்மஸ், மழை தொடங்கிய வாரங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எல்லாம் எடுக்கப்பட்டிருந்தன. அவன் விரல் நின்றது. திரும்பக் கீழே வந்தது. மறுபடி மேலே போனது. பிறகு திரையை அப்படியே புஷ்பவள்ளியிடம் நீட்டினான்.

“இதுல எந்த ஞாயித்துக்கிழமக்கா நான் கடைசியா எங்கப்பாகிட்ட நெசமா பேசினது?”